தடித்துச் சாய்ந்த தாய்மாமன்

புதுக்கோட்டைச் சீமையில் ஆட்டைப் பற்றிப் பேச ஆள் இருக்கிறது. மாட்டைப் பற்றிப் பேச ஆள் இருக்கிறது. விராலிமலை மயிலைப் பார்க்க பஸ் பிடித்து வருகிறார்கள். ஆனால் எந்த ஊரிலும், எந்தத் தெருவிலும், எவ்வளவு மழை பொய்த்தாலும் வாடாமல் தழைக்கிற சாய்வெழுத்துக்காரரைப் பற்றி மட்டும் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. ஏன்? பயம். அடுத்த காதுகுத்து ஃப்ளெக்ஸில் நம் பெயரை விட்டுவிடுவாரோ என்ற பயம்தான், வேறென்ன? இங்கே அந்தப் பயம் இல்லை. போட்டு உடைத்துவிடலாம்.

சாய்வெழுத்துக்காரர் என்றால் யார்? தன் பெயரை எங்கே பார்த்தாலும் அது தடிமனாக இருக்க வேண்டும், தடித்தது பத்தாது, முன்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், சாய்ந்ததும் பத்தாது, ஒவ்வொரு கோட்டின் முனையிலும் குட்டியாக ஒரு கால் முளைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறவர். கம்ப்யூட்டர் கடைக்காரர்கள் இதற்கு போல்டு, இட்டாலிக் என்று ஏதேதோ சொல்வார்கள். அதை விடுங்கள், எழுத்தைப் பாருங்கள். மூன்று வேளையும் வயிறு முட்டத் தின்ற உடம்பு. மாட்டுவண்டிப் பந்தயத்தில் மாட்டின் முதுகுமேல் கவிழ்ந்து விரட்டுகிறவனின் சாய்வு. நின்ற இடத்தை விட்டு எழுந்திரிக்க மாட்டேன் என்று தரையில் ஊன்றிய கால். ஓடுகிற மாதிரியே இருக்கும், ஓர் அடி நகராது. இந்த மாதிரி ஆட்கள் உங்கள் வீட்டிலேயே ஒருத்தர் இருப்பார். முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள், கதையைக் கேளுங்கள்.

இந்த எழுத்துக்குப் பயன்கள் ஏராளம். வாசல் கேட்டில் போடலாம். மோட்டார் சைக்கிளின் முன்னால், பின்னால், பெட்ரோல் டேங்கின் மேல் போடலாம். மகளுக்குச் சீராகக் கொடுக்கிற எவர்சில்வர் அண்டாவில், பாத்திரக் கடைக்காரர் கை கடுக்கக் கடுக்கப் புள்ளி புள்ளியாகக் குத்தித் தருகிறாரே, அதை நேராகக் குத்திவிட்டார் என்று அண்டாவைத் திருப்பிக் கொடுத்து, "சாச்சுக் குத்துங்க" என்று மல்லுக்கு நிற்கலாம். கோயிலுக்கு வாங்கிக் கொடுத்த மணியில் போடலாம். சாமிக்கு அடிக்கிறபோதெல்லாம் பெயரும் சேர்ந்து ஆடும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸில் போடலாம். அதுதான் இந்த எழுத்துக்கு நல்ல விளைச்சல் நிலம். செத்துப்போனவர் பெயர் மேலே ஒல்லியாக, நேராக, விறைத்து நிற்கும். கீழே 'ஆழ்ந்த துயரத்துடன்' என்று போட்டு, துயரப்படுகிறவர்களின் பெயரெல்லாம் கொழுத்துச் சாய்ந்து பாய்ச்சலுக்குத் தயாராக நிற்கும். உள்ளே புருஷனைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருக்கும். தாலியைப் பிடித்துக்கொண்டு அழுகிறவளின் காதில் வாசல் சத்தம் விழும்: "எம் பேரு மட்டும் ஏன் ஒல்லியா இருக்கு? நான் என்ன வேத்தாளா?" அவளுக்கு அழுகை ஒரு நொடி நின்றுபோகும். அந்த மட்டுக்கு அது ஒரு உபகாரம்தான்.

அரிமளம் ஆத்மநாதன் இந்த இனத்தில் நன்றாக விளைந்து முற்றியவர். ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். ஐம்பதைத் தாண்டிய வயது, மை பூசிய மீசை, வலது முழங்காலில் வலி. அவருக்கு இந்த எழுத்தின் மேல் ஆசை வந்தது ஒரு பெயிண்ட் டப்பாவால். லோடு இறக்கும்போது ஒரு டப்பாவை வெயிலில் தூக்கிப் பிடித்தார். மூடியில் இங்கிலீஷ் பெயர் ஒன்று குண்டாக, சாய்ந்து, முனைக்கு முனை கால் வைத்து நின்றது. பார்த்த மாத்திரத்தில் சொக்கிப்போனார். உள்ளே ஓடி மனைவி பிரகதாம்பாளிடம் காட்டினார்.

"காத்துல பாஞ்சு போற மாதிரி இல்ல?"

"எங்கிட்டுப் பாஞ்சு போவுது? போன வருசம் எறக்குன டப்பாவே இன்னும் விக்காமக் கெடக்கு" என்றாள் பிரகதாம்பாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது. கடை போர்டு சாய்ந்தது. வீட்டு கேட் சாய்ந்தது. லோடு வண்டியின் நெற்றியில் சாய்ந்தது. பில் புத்தகத்தில் சரக்கின் பெயரும் எண்ணிக்கையும் எறும்பு மாதிரி ஊர, 'ஆத்மநாதன்' என்கிற பெயர் மட்டும் எருமை மாதிரி படுத்திருந்தது. ஊரில் யாரும் குறை சொல்லவில்லை. அவரவருக்கு அவரவர் கேட் இருந்தது.

இதுவரைக்கும் கெடுதல் ஒன்றுமில்லை. கெடுதல் காதுகுத்தில் வந்தது.

ஆத்மநாதனின் தங்கை அன்புச்செல்வியை இலுப்பூரில் நிலவழகனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தது. கல்யாணமாகி வெகுகாலம் கழித்து ஒரு பெண் பிள்ளை பிறந்தது, சத்யா. அந்தச் சத்யாவுக்கு மொட்டை போட்டுக் காது குத்தப் போகிறார்கள். காது குத்தும்போது பிள்ளை யார் மடியில் உட்காரும்? தாய்மாமன் மடியில். தாய்மாமன் இரண்டு பேர் இருந்தால்? மூத்தவர் மடியில். இதில் பேச்சுக்கே இடமில்லை. இளையவர் ஒருத்தர் இருந்தார், கண்ணுசாமி என்று, புதுக்கோட்டையில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் அண்ணனுக்குப் பின்னால் நிற்க வேண்டியவர், நின்றுகொண்டும் இருந்தார்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அந்த மடி விஷயத்தில் ஆத்மநாதனிடம் பொய் இல்லை. அன்புச்செல்வியை இடுப்பில் சுமந்து வளர்த்தவர் அவர். அவருக்கென்று மடியில் ஏறி உட்காரப் பிள்ளை பிறக்கவில்லை. சத்யாவுக்குக் காது குத்து என்று சொன்ன நாளிலிருந்து முழங்காலுக்கு எண்ணெய் தடவ ஆரம்பித்தார். கடையில் ஆள் வராத மத்தியான வேளைகளில் சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவே பாயை விரித்துச் சம்மணம் போட்டுப் பழகினார். மடியில் பிள்ளைக்குப் பதிலாக ஒரு பெயிண்ட் டப்பா. டப்பா அழவில்லை, உதைக்கவில்லை. அதனால் தேறிவிட்டோம் என்று நினைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் நிலவழகன் ஒரு காரியம் செய்தார். "பத்திரிகை, ஃப்ளெக்ஸ் ரெண்டையும் நீங்களே பாத்துக்கங்க மச்சான்" என்றார். பசித்த ஆட்டைக் கூப்பிட்டு, "வயலைக் கொஞ்சம் பார்த்துக்கொள்" என்று சொல்கிற மாதிரி.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செவந்தி என்கிற பெண் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருந்தாள். ஆத்மநாதன் போய் அவளுக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். திரையில் பெயரை அடித்தாள்.

"ஏம்மா தங்கச்சி, பேரு ஏன் நட்டுவச்ச கம்பு மாதிரி நிக்கிது?"

"பேருன்னா நிக்கத்தான்ணே செய்யும்."

"சாச்சு விடு."

சாய்த்தாள்.

"குண்டாக்கு."

குண்டாக்கினாள்.

"கால் எங்க?"

"என்ன காலுண்ணே?"

ஆத்மநாதன் மஞ்சள் பையிலிருந்து பெயிண்ட் டப்பாவின் மூடியை எடுத்து மேஜையில் வைத்தார். "இந்தா. இப்புடி. முனைக்கு முனை கால் வைக்கணும்."

செவந்தி மூடியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், தேடிப் பிடித்து ஓர் எழுத்தைக் கொண்டுவந்து போட்டாள். ஆவின் சுழி பலாப்பழம் மாதிரி ஊதியது. 'நா'வின் கால், உதைக்கப் போகிற மாட்டின் கால் மாதிரி பின்னால் போனது. கடைசி எழுத்தின் தலையில் இருந்த புள்ளி, சாய்ந்த வேகத்தில் நழுவி, வெறும் இடத்தில் அந்தரத்தில் நின்றது.

"புள்ளி விழுகுற மாதிரி இருக்குண்ணே."

"அதான் அழகு. மத்தவங்க பேரெல்லாம் நேரா நிக்கட்டும். பத்திரிகையில தாய்மாமனத் தவிர இன்னொரு எழுத்து சாயக் கூடாது, சொல்லிட்டேன்."

"அதுவும் சரிதான். நாலு நேரா நின்னாத்தான் ஒண்ணு சாஞ்சது தெரியும்" என்றாள் செவந்தி. அவள் நியாயம் பேசவில்லை. இன்னும் இரண்டு ஃப்ளெக்ஸ் முடிக்க வேண்டிய அவசரத்தில் பேசினாள். அவள் மட்டும் யோக்கியமா? கடையிலிருந்து போகிற ஒவ்வொரு ஃப்ளெக்ஸின் மூலையிலும் 'செவந்தி டிஜிட்டல்ஸ்' என்று அதே குண்டு எழுத்து, அதே சாய்வு, அதே கால்.

இங்கிலீஷ் புத்தகம் அச்சடிக்கிறவர்கள் ஒரு பக்கத்தில் ஏதோ ஒரு வார்த்தையை மட்டும் இப்படிச் சாய்ப்பார்களாம், படிக்கிறவர் கண் அங்கே ஒரு நிமிஷம் நிற்பதற்கு. எது கட்டாயம் கண்ணில் பட வேண்டுமோ அது சாயும். ஆத்மநாதனுக்கும் அதே கொள்கைதான். எது கட்டாயம் கண்ணில் பட வேண்டும் என்பதில்தான் கொஞ்சம் வித்தியாசம்.

விஷயம் எப்படியோ சொந்தக்காரர்களுக்குப் போய்விட்டது. செவந்தியின் கடையிலேயே போன் அடிக்க ஆரம்பித்தது. முதலில் நிலவழகனின் சித்தப்பா.

"எம் பேரு தடிச்சிருக்கா?"

"தடிச்சிருக்கு மாமா. ஒங்களுக்குத் தடிப்பு குடுத்துட்டோம்" என்றார் ஆத்மநாதன்.

"சாஞ்சிருக்கா?"

"சாய்ப்பு தாய்மாமனுக்கு மட்டுந்தான் மாமா. அது மொறை."

"எந்த ஊரு மொறை?"

"கம்ப்யூட்டர்லயே அப்புடித்தான் இருக்கு மாமா."

மாமா போனை வைத்தார். அடுத்து ஓர் அத்தை. தடிப்பு வேண்டாம், தான் ஏற்கெனவே தடித்துத்தான் இருக்கிறோம், கால் மட்டும் போதும் என்றார். கொடுக்கப்பட்டது. இப்படித் தடிப்பும் காலும் தகுதி பார்த்துப் பகிர்ந்தளிக்கப்பட்டு, பந்தி முடிந்த பிறகு வருகிறவருக்குப் பாத்திரத்தைச் சுரண்டி வைப்பதுபோல, கடைசியில் 'மற்றும்' என்று போட்டு அதற்குக் கீழே கண்ணுசாமி வந்தார். தடிப்பு இல்லை, சாய்ப்பு இல்லை, கால் இல்லை. நேராக, ஒல்லியாக, நிற்க இடம் கிடைத்ததே என்று நின்றார்.

"ஒங்க தம்பி வருத்தப்பட மாட்டாரா?" என்றாள் செவந்தி.

"அவன் கெடக்கான். கூடப் பொறந்தவன்தான?"

ஆத்மநாதன் பஸ் ஏறிய பிறகு நிலவழகனின் போன் செவந்திக்கு வந்தது. காது குத்துகிற ஆசாரிக்கு அதே நாளில் விராலிமலையில் இன்னொரு காதுகுத்து இருக்கிறதாம். நல்ல முகூர்த்த நாள், வேறு ஆசாரி கிடைக்க வழியில்லை. அதனால் ஒன்பது மணிக்கு மேல் என்று வைத்திருந்ததைக் காலை ஆறு மணிக்கு மேல் ஏழரைக்குள் என்று மாற்ற வேண்டும்.

"மாத்திர்றேண்ணே. நேரம் மாறியிருக்குன்னு தெரியிற மாதிரி அத மட்டும் குண்டாச் சாச்சு விடவா?"

"ஐயையோ, வேற எதுவும் சாயக் கூடாதுன்னு மச்சான் சொல்லியிருக்காரு. சாச்சா என்னையச் சாச்சுப்புடுவாரு. இருக்குறபடியே போடு. படத்த எங்க ரெண்டு பேருக்கும் அனுப்பிரு. மச்சான் எப்புடியும் வரிக்கு வரி பாப்பாரு."

படம் அரிமளத்துக்கு வந்து சேர்ந்தது. ஆத்மநாதன் கடை வெளிச்சத்தில் போனைப் பிடித்து, இரண்டு விரலால் தன் பெயரை இழுத்தார். திரை முழுக்க ஆ வந்தது. கொஞ்சம் தள்ளினார், த் வந்தது. இப்படி ஒவ்வோர் எழுத்தாகத் தடவித் தடவிப் போய், அந்தரத்தில் நின்ற புள்ளிவரை பார்த்து முடித்தார். பத்திரிகையில் வேறு ஏதோ இருந்ததாகவும் தோன்றியது. இருக்கும்தானே? பத்திரிகை என்றால் நாலும் இருக்கும். சரி என்பதற்குக் கட்டை விரல் படத்தை அனுப்பினார். உடனே நிலவழகன் கூப்பிட்டார்.

"மச்சான், நல்லாப் பாத்துட்டீங்கல்ல?"

"வரிக்கு வரி பாத்துட்டேன் மாப்ள."

"மாத்துனதுல ஒங்களுக்கு வருத்தம் ஒண்ணுமில்லையே?"

"வருத்தமா? முந்தி நட்டுவச்ச கம்பு மாதிரி நின்னதுக்கு இப்ப எவ்வளவோ மேல்."

நிலவழகனுக்கு அந்தப் பதில் முழுதாக விளங்கவில்லை. மச்சான் எப்போதும் இப்படித்தான் பேசுவார் என்று விட்டுவிட்டார். சம்பந்தக்காரரிடம் இரண்டாம் தடவை விளக்கம் கேட்பது மரியாதை இல்லை, பாருங்கள்.

பத்திரிகைக் கட்டு வந்ததும் ஆத்மநாதன் அரிமளம் முழுக்கச் சுற்றினார். வெற்றிலை பாக்கு வைத்து, பத்திரிகையை மூடிக் கொடுக்காமல் விரித்துக் கொடுத்து, கட்டை விரலைத் தன் பெயருக்குக் கீழே வைத்து, "ஒம்பது மணிக்கெல்லாம் வந்துரணும்" என்றார். வாங்கியவர்கள் என்ன செய்தார்கள்? அவரவர் பெயரைத் தேடினார்கள். பெயர் இருந்தவர்கள் சந்தோஷமாக மூடி வைத்தார்கள். இல்லாதவர்கள் வருத்தமாக மூடி வைத்தார்கள். நேரத்தை எதற்குப் பார்க்க வேண்டும்? தாய்மாமன்தான் வாயால் சொல்லிவிட்டாரே.

கண்ணுசாமிக்குப் படம் போனில் போனது. அவரும் தன் பெயரைத்தான் தேடினார், அவரும் மனுஷன்தானே. ஆனால் அவர் பெயர் உடனே அகப்படுகிற இடத்திலா இருந்தது? உச்சியில் இருக்கும் பிள்ளையாரிலிருந்து ஆரம்பித்தார். குலதெய்வத்தைக் கடந்தார். நாள், கிழமை கடந்தார். காலை ஆறு மணிக்கு மேல் ஏழரைக்குள் என்பதைக் கடந்தார். அண்ணனின் மேல் முட்டிக்கொண்டார், சுற்றிக்கொண்டு வந்தார். மாமாக்களையும் அத்தைகளையும் தாண்டி, 'மற்றும்' என்பதற்குக் கீழே தன்னைக் கண்டுபிடித்தார். விடிகாலைக்கு போனில் அலாரம் வைத்துவிட்டு லோடு ஏற்றப் போனார்.

காதுகுத்து நாள் விடிந்தது. அரிமளத்தில் ஆத்மநாதன் வீட்டு வாசலில் வேன் நின்றது. சீர்த்தட்டுகள், மாலை போட்ட ஆடு, நாயனம், தவில். புறப்படுகிற குஷியில் வெடி வேறு. போன் உள்ளே சார்ஜில் கிடந்து துடித்ததை யார் கேட்டார்கள்? வேன் தெரு முனையைத் திரும்பியபோது பிரகதாம்பாள் போனை நீட்டினாள்.

"இலுப்பூர்த் தம்பி கூப்புட்டுக்கிட்டே இருக்காரு. என்னான்னு கேளுங்க."

ஸ்பீக்கரில் போட்டார்.

"மச்சான்! எங்க இருக்கீங்க?"

"சீரோட கெளம்பிட்டோம் மாப்ள. ஒம்பதுக்குத்தான? இப்ப மணி ஏழுதான், ஏன் பறக்குற?"

"ஏழரைக்குள்ள மச்சான்! பத்திரிகைய நீங்க பாக்கலையா?"

"நான் பாக்கலையா? போட்டதே நான்தான்யா!"

"இப்பப் பாருங்க!"

மிச்சப் பத்திரிகைகள் பையில் இருந்தன. ஒன்றை உருவி விரித்தார். கண் நேராக அவர் பெயரில் போய் விழுந்தது. அந்த அவசரத்திலும் அது நன்றாகத்தான் சாய்ந்திருந்தது. கண்ணை அங்கிருந்து கிளப்பப் பார்த்தார், அது வரவில்லை, கால் ஊன்றிவிட்டது. பத்திரிகையை மனைவியிடம் தள்ளினார்.

"பிரகதா, நேரம் எங்க போட்டிருக்குன்னு பாரு."

"இந்தா இருக்கே. ஒங்க பேருக்கு மேல, ஒல்லியா. ஆறுக்கு மேல ஏழரைக்குள்ள." பிரகதாம்பாள் பத்திரிகையை மடித்தாள். "பெயிண்ட் மூடிய எடுத்துக்கிட்டுப் போனப்பவே நெனச்சேன், இப்புடி ஆகும்னு."

போனுக்குள் ஆசாரியின் குரல் கேட்டது: "விராலிமலையில ரெண்டு காது காத்துக் கெடக்குதுங்க. நான் கெளம்பணும்."

"ஆசாரியப் புடிச்சு வைங்க! இந்தா வந்துட்டேன்! ஆசாரிக்கு நான் வண்டி புடிச்சுத் தாரேன்! எம் மடிய விட்டுட்டுக் குத்தாதீங்க மாப்ள!" என்று ஆத்மநாதன் கத்தினார். வேன் இன்னும் அரிமளத்தைத் தாண்டவில்லை. புதுக்கோட்டை போய், அதைக் கடந்து, இலுப்பூர் போக வேண்டும். வேன் என்ன எழுத்தா, சாய்த்துவிட்டால் பறப்பதற்கு?

அந்தப் பக்கம் அன்புச்செல்வியின் குரல், வேறு யாரிடமோ சொல்வது கேட்டது.

"சின்னண்ணே, நீ ஒக்காரு."

ஆத்மநாதன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். அழுத்த வேண்டிய தேவையே இல்லை, ஸ்பீக்கரில் வேன் முழுக்கக் கேட்டது. யாரோ, "தலையப் புடி, தலையப் புடி" என்றார்கள். பிறகு சத்யா வீல் என்று கத்தினாள்.

தவில்காரர் முன் சீட்டில் அரைத் தூக்கத்தில் இருந்தார். எத்தனை வருஷத் தொழில். பிள்ளை வீல் என்றால் ஊசி இறங்கிவிட்டது, கெட்டிமேளம் கொட்ட வேண்டும் என்று கைக்குத் தெரியும். கண்ணைத் திறக்காமலே கொட்டினார். நாயனக்காரரும் சேர்ந்துகொண்டார். அரிமளத்துத் தெருவில் இலுப்பூர்க் காதுக்குக் கெட்டிமேளம் முழங்கியது. ஆடு கத்தியது. மடியில் இருந்த பையை ஆத்மநாதன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அது குதித்து இறங்கிப் போய்விடும் என்கிற மாதிரி.

மண்டபத்தில் போய் இறங்கும்போது மணி ஒன்பது. சரியான நேரம்தான், பழைய கணக்குப்படி. வாசலில் ஃப்ளெக்ஸ், மண்டப உயரத்துக்கு. அதில் அவர் பெயர் தடித்து, சாய்ந்து, காலை ஊன்றி, எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றது. அதற்குக் கீழே அரிமளத்திலிருந்து அவர் வாயால் அழைத்த கூட்டம் முழுக்க நின்று, அண்ணாந்து, தங்கள் தங்கள் பெயரைத் தேடிக்கொண்டிருந்தது. உள்ளே காது குத்தி முடிந்ததுகூட அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் என்ன, பந்தி இருந்தது.

அன்புச்செல்வி வாசலுக்கு வந்தாள். அழுதிருந்தாள்.

"ஒம் பேரு நேத்தே வந்துருச்சுண்ணே. நீதான் வரல."

அவர் அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் கண்ணுசாமி, மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்.

"நீ எப்புட்ரா வந்த?" என்றார் ஆத்மநாதன்.

"பத்திரிகையில எம் பேரத் தேடுனேண்ணே. அது கெடைக்கிறதுக்குள்ள பத்திரிகை முழுசும் படிச்சு முடிஞ்சிருச்சு."

குத்திக்காட்டித்தான் சொன்னாரா என்று ஆத்மநாதன் தம்பியின் முகத்தைப் பார்த்தார். இல்லை. நடந்ததைச் சொன்னார். அதுதான் இன்னும் குத்தியது.

போட்டோக்காரர் இதமான ஆள். "ஒண்ணும் கவலப்படாதீங்க சார். மணையில ஒக்காருங்க, பாப்பாவ மடில வச்சு ஒரு போஸ் எடுத்துருவோம். ஆல்பத்துல யாருக்குத் தெரியப் போவுது?" என்றார். ஆத்மநாதன் மணையில் உட்கார்ந்தார். பழகிய முழங்கால், சிமெண்ட் மூட்டைக்கு நடுவே மடிந்த மாதிரியே அழகாக மடிந்தது. பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் வைத்தார்கள். சத்யா சுற்றிப் பார்த்தாள். மணை, மடி, குனிந்து பார்க்கிற முகங்கள். கை காதுக்குப் போனது. ஒரு மடியில் பட்டது போதாதா? வீல் என்று கத்திக்கொண்டு, தாய்மாமனின் வயிற்றில் ஓர் உதை விட்டு, கண்ணுசாமியின் பக்கம் பாய்ந்தாள். போட்டோக்காரர் அதற்குள் எடுத்துவிட்டார். ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. பிள்ளை முன்பக்கம் சாய்ந்து பறக்கிறது. தாய்மாமன் நேராக நிமிர்ந்து, ஒல்லியாகத் தெரிகிறார்.

இதற்குப் பிறகு ஆத்மநாதன் திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்கள். சாய்வெழுத்துக்காரரைப் பற்றி இவ்வளவு சொல்லியும் அப்படி நினைத்தால் என்ன செய்வது? அடுத்த வாரமே செவந்தியின் கடையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"நேரத்தையும்ல சாச்சிருக்கணும் நீ?"

"இன்னொரு எழுத்து சாயக் கூடாதுன்னு சொன்னது யாருண்ணே?"

"நான் சொன்னா? ஒனக்கு அறிவு வேணாம்?" என்று கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு, வந்த காரியத்தைச் சொன்னார். விழாவுக்கு வந்தவர்களுக்கு நன்றி சொல்லி ஒரு ஃப்ளெக்ஸ். அரிமளம் கடைத்தெருவில் கட்ட. நன்றி என்பது சின்னதாக இருந்தால் போதும். பெயர் முன்னைவிடப் பெரிதாக.

செவந்தி அடித்தாள், சாய்த்தாள், குண்டாக்கினாள், கால் வைத்தாள். பிறகு கை நின்றது.

"கண்ணுசாமி அண்ணே பேரு?"

ஆத்மநாதன் திரையைப் பார்த்தபடி இருந்தார்.

"போடு."

"எப்புடி? மற்றும்னு போட்டா?"

"மற்றும் வேணாம். எம் பேருக்குப் பக்கத்துல போடு."

"குண்டாக்கவா?"

"ம்."

"சாய்க்கவா?"

இதற்குத்தான் நெடுநேரம் ஆனது. முழங்காலைத் தடவினார். மீசையைத் தடவினார். பஸ் ஸ்டாண்டில் இலுப்பூர் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிற சத்தம் வந்து போனது.

"கால் மட்டும் வச்சுக் குடு" என்றார்.

ஆக, சாய்வெழுத்துக்காரரை இனிமேல் எங்கே கண்டாலும் உங்களுக்கு அடையாளம் தெரியும். சிரிக்கலாம். நீங்கள் அந்த இனமில்லை, உங்கள் கேட்டில் பெயரே இல்லை, மோட்டார் சைக்கிளில் நம்பர் மட்டும்தான், அதுவும் நேராக. ரொம்ப நல்லது. ஒரே ஒரு சின்ன விஷயம். உங்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் ஒரு பத்திரிகை கிடக்கிறதே, சொந்தக்காரர் வந்து வைத்துவிட்டுப் போனது. அதில் உங்கள் பெயர் எத்தனையாவது வரியில், யாருக்குக் கீழே, யாரைவிட எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவீர்கள்.

எத்தனை மணிக்கு என்று போட்டிருக்கிறது?

போய்ப் பாருங்கள். இன்றைக்கு ஏழரைக்குள் என்றால், செருப்பை மாட்டிக்கொண்டே பாருங்கள்.